துணைமாலையம்மையும் கடல் கடந்த இல்லறமும்

அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தியபடி, பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார் குருக்கள். மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் தடையின்றிச் சொன்ன தாயார், மருமகளின் பெயர் வரும்போது தயங்கி நிற்கிறார். அது வேற்று நாட்டுப் பெயர். நாவில் எளிதில் படியவில்லை. நட்சத்திரமும் தெரியாது, கோத்திரமும் கிடையாது. பின்னால் நிற்போர் கவனிக்கிறார்களே என்ற கூச்சம் வேறு. மகன் பெயருக்கு மட்டும் அர்ச்சனை செய்துகொண்டு, மருமகளை மனத்திற்குள் வேண்டிக்கொண்டு அந்தத் தாயார் பிராகாரம் சுற்றுகிறார்.

இக்காட்சி இன்று அருப்புக்கோட்டைச் சொக்கநாதர் சந்நிதியிலும் திருச்சுழித் திருமேனிநாதர் சந்நிதியிலும் புதிதன்று. வேற்று நாட்டவரைத் துணையாக ஏற்றுப் பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிடும்போது, முதியோர் உள்ளத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. நம் வழிபாடும் வழக்கமும் இத்தோடு அற்றுப்போகுமா? அந்த வேற்று நாட்டுத் துணை நம் பிள்ளையை இறுதிவரை காப்பாற்றுமா? நம் கடைசிக் காலத்தில் யார் வருவார்கள்? இவற்றை அற்பக் கவலைகள் என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது. இவற்றிற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்லவும் வேண்டியதில்லை; திருச்சுழிக்குச் சென்றாலே போதும்.

குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழியல், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்று. பிரளய வெள்ளம் பூமியை மூழ்கடிக்க வந்தபோது, ஈசன் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு அவ்வெள்ளத்தைச் சுழித்து உள்வாங்கச் செய்தான் என்பது தலபுராணம். ஊழி வெள்ளம் சுழித்த ஊர் என்று புராணம் பேச, கண் முன்னே கிடப்பதோ வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் பருத்தி, மிளகாய், கம்பு, சோளம். அருப்புக்கோட்டையில் தறியும் மல்லிகையும் பல குடும்பங்களுக்குச் சோறிட்டன. மழை பொய்த்த காலங்களில் இந்தச் சீமையின் மக்கள் கொழும்பு, ரங்கூன், மலாயா என்று கப்பலேறினர். ஊரைவிட்டுப் போதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. அன்று பிழைப்புக்காகப் போனார்கள். இன்று படிப்பும் வேலையும் அழைக்கின்றன. போன இடத்தில் மனம் ஒத்த ஒருவரைக் கண்டு இல்லறமும் அமைத்துக்கொள்கின்றனர். மாறியிருப்பது இந்த ஒன்றே.

திருச்சுழி இறைவிக்குத் துணைமாலையம்மை என்று திருநாமம். வடமொழியில் சகாயவல்லி. நாடு, மொழி, குலம் எதுவாயினும், உடன் வாழ வருபவரை நாம் 'வாழ்க்கைத் துணை' என்றுதான் சொல்கிறோம். துணை என்னும் சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்கும் அம்பிகையின் ஊர் இது என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரமான் பெருமாளுடன் பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டு வந்தபோது திருச்சுழியலில் தங்கினார். அன்றிரவு கனவில் ஈசன் கையில் செண்டு ஏந்திய காளையாகத் தோன்றி, தாம் இருப்பது கானப்பேர் என்று உணர்த்தினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில். திருச்சுழியில் எழுந்தருளியுள்ள பெருமானே, 'என்னை அடுத்த ஊரில் வந்து பார்' என்கிறார்! இருக்குமிடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளாமல், போகுமிடத்தில் முன்னதாகவே போய்க் காத்திருக்கும் கருணை அது. பிள்ளையை வழியனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டிற்குத் திரும்பும் பெற்றோர் நினைக்க வேண்டிய கனவு இது.

இத்தலத்தில்தான் 1879 டிசம்பர் 30 அன்று, மார்கழித் திருவாதிரைத் திருநாள் வேளையில், வழக்கறிஞர் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மைக்கும் வேங்கடராமன் பிறந்தார். பின்னாளில் உலகம் பகவான் ஸ்ரீரமண மகரிஷி என்று போற்றியது அவரையே. 1892-இல் தந்தையார் மறைந்தார்; சிறுவன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான். 1896 ஆகஸ்டு 29 அன்று வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார்.

மகன் எங்கிருக்கிறான் என்றே அறியாமல் தவித்த அழகம்மை, 1898-இன் இறுதியில் மூத்த மகனுடன் திருவண்ணாமலைக்கு வந்து பவழக்குன்றில் அவரைக் கண்டார். பல நாள் அழுதார், மன்றாடினார், வீட்டுக்கு வா என்று அழைத்தார். மகன் மௌனமாகவே இருந்தார். முடிவில், அவரவர் பிராரப்தப்படியே ஆட்டுவிப்பவன் ஆட்டுவிக்கிறான், நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற கருத்தை எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையுடன் திரும்பினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1916-இல் அழகம்மை தம் ஊரையும் உறவையும் விட்டு மகனிடமே வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வா என்று அழைத்த தாய், மகன் இருக்குமிடத்தையே தம் வீடாக்கிக்கொண்டார். மலைமேல் அடியவர்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று, மகனின் கை தம் மார்பின்மீதும் தலையின்மீதும் இருக்க அவர் முக்தியடைந்தார். அவர் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் எழுந்தது. திருச்சுழி வீட்டின் ஒரு தாய் தம் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டதால், உலகத்தார் வந்து தங்கும் ஓரிடம் உருவாயிற்று.

அங்கே வந்தடைந்த ஒரு குடும்பத்தின் வரலாறு நம் கேள்விகளுக்கு நேரே விடை தருவது. ஆர்தர் ஆஸ்பர்ன் 1906-இல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் பயின்றவர். வேலையின் பொருட்டுப் போலந்து நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது லூசியா என்னும் போலந்துப் பெண்ணை மணந்தார். கணவர் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு. இருவரும் குடிபுகுந்ததோ மூன்றாவது நாடாகிய சயாம். பாங்காக் நகரின் சுலலங்கார்ன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஆங்கிலம் கற்பித்தார். மூன்று குழந்தைகள். 1939 செப்டம்பரில் போலந்து இருபுறமும் படையெடுக்கப்பட்டு வீழ்ந்தது. லூசியாவுக்குத் தாய்நாட்டிற்குத் திரும்பும் வழி அடைபட்டது.

அக்காலத்திலேயே அத்தம்பதியர் ஆன்ம விசாரத்தில் நாட்டம் கொண்டு, பகவானின் உபதேசங்களைப் படித்திருந்தனர். 1941-இல் விடுமுறையில் இந்தியா வந்தபோது, போர் நெருங்குவதை எண்ணி மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, ஆர்தர் மட்டும் பாங்காக்கில் பணிக்குத் திரும்பினார். பகவானை அவர் நேரில் தரிசித்திருக்கவில்லை. அந்த டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை சயாமில் இறங்கியது. பிரிட்டிஷ் பிரஜையான ஆர்தர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடியும்வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, முகாம் வாழ்க்கைதான்.

லூசியாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவர் எதிரியின் காவலில். பிறந்த நாடு அழிவில். கையில் மூன்று குழந்தைகள். சுற்றிலும் அறியாத மொழி, பழகாத உணவு. பெண்கள் இரவில் ஆசிரமத்தில் தங்குவதற்கில்லை என்பது விதி. ஆகவே வெளியே வீட்டில் குடியிருந்து பகலில் பகவானின் சந்நிதிக்கு வருவார். குழந்தைகள் பகவானின் முன்னே விளையாடி வளர்ந்தார்கள். தெருப்பிள்ளைகளுடன் தமிழ் பேசினார்கள். தந்தை நலமாகத் திரும்ப வேண்டும் என்று பகவானிடமே வேண்டினார்கள். வெளியூர்ப் பள்ளிக்குப் புறப்பட்ட மூத்த மகள், நான் இங்கே இல்லாதபோதும் பகவான் என்னை நினைப்பாரா என்று கேட்டாளாம். அவள் பகவானை நினைத்தால் பகவானும் அவளை நினைப்பார் என்பதே அவர் விடை. தூரத்துப் பேரன் பேத்தியரை உடைய ஒவ்வொருவருக்கும் அந்த விடை பொருந்தும். நினைவு இருதலைப் பாலம். ஒரு கரையில் தூண் நட்டால் மறுகரையும் தானே வந்து பொருந்தும்.

1945 அக்டோபரில் விடுதலையாகி வந்த ஆர்தர், பகவானை அப்போதுதான் முதன்முறையாகத் தரிசித்தார். கணவருக்கு முன்னதாக மனைவியே குருவின் சந்நிதியை அடைந்திருந்தார், வழிகாட்டியாகவும் நின்றார். பின்னர் சென்னையில் பத்திரிகைப் பணி, கல்கத்தாவில் பள்ளிப் பொறுப்பு என்று பிழைப்புக்காக அலைந்தபோதும், திருவண்ணாமலையே அவர்களது ஊராயிற்று. 1954-இல் ஆர்தர் ஆங்கிலத்தில் எழுதி, டாக்டர் இராதாகிருஷ்ணனின் முன்னுரையுடன் வெளிவந்த ரமண சரிதம், திருச்சுழிப் பிள்ளையை உலகெங்கும் அறியச் செய்தது. 1964-இல் ஆசிரமத்தின் ஆங்கில இதழாகிய 'மவுண்டன் பாத்' அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. 1970-இல் அவர் மறைந்தபின் லூசியா அந்த இதழின் பொறுப்பை ஏற்றார். 1987-இல் அவரும் மறைந்தார். இருவரின் சமாதிகளும் அவர்கள் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்திலேயே உள்ளன.

அவர்களின் மகன் ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்து, பகவானின் அருகில் தவழ்ந்து வளர்ந்தவர். பின்னர் இங்கிலாந்தில் படித்து அமெரிக்கா சென்றார். கையில் எடுத்துச் செல்லத்தக்க கம்ப்யூட்டரை 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார். அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. இன்றைய மடிக்கணினிகளுக்கு அதுவே முன்னோடி. பெருஞ்செல்வமும் கண்டார், நிறுவனம் நொடிக்கவும் கண்டார். நோயுற்ற காலத்தில் அவர் ஓய்வு தேடி வந்த இடம் எது தெரியுமா? கொடைக்கானலில் இருந்த தம் சகோதரியின் வீடு. 2003-இல் அங்கேயே மறைந்தார். பிறப்பால் அவர் இந்நாட்டவர் அல்லர். குழந்தைப் பருவத்தில் காதில் விழுந்த மொழியும் கண்ட மலையும் பல்லாண்டுகளுக்குப் பின்னும் அவரைத் திரும்ப அழைத்தன.

அன்பர்களே, முதல் கேள்விக்கு விடை இதுதான். வழிபாட்டின் வேர் இரத்தத்தில் மட்டும் ஓடுவதன்று, பழக்கத்தில் ஓடுவது. விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தையின் நெற்றியில் திருநீறு இடுங்கள். குண்டாற்றங்கரையையும் கோயில் தேரையும் காட்டுங்கள். ஒரு தேவாரப் பதிகத்தை நீங்கள் ஓதுவதை அது கேட்கட்டும். பொருள் புரிய வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். செவியில் விழுந்தது ஒருநாள் எழும்.

இரண்டாம் கேள்வி, வேற்று நாட்டுத் துணை நிலைக்குமா என்பது. ஈழத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை மணந்தார். அவ்வம்மையார் லீலாவதி என்ற பெயரை ஏற்று, சைவ நெறியில் நின்றார். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913-இல் தொடங்கிய இராமநாதன் மகளிர் கல்லூரியை, 1930-இல் கணவர் மறைந்த பிறகும் அவர் தாய்போல் காத்து வளர்த்தார். சைவப் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கல்வி பெற்றனர். நம்மவருள்ளும் துணையைக் கைவிட்டோர் உண்டு. அயலவருள்ளும் துணையின் தருமத்தைத் தம் தருமமாக ஏற்றுக் காத்தோர் உண்டு. குணமே துணை, நாடு அன்று.

எனினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அதைச் சொல்பவரும் திருச்சுழியைப் பாடிய சுந்தரரே. திருவாரூரில் பரவையாரை மணந்த அவர், திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பியபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். பின்னர் ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் இரு கண்ணும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெற்றார். தம்பிரான் தோழராயினும், மனைவிக்குக் கொடுத்த சொல்லைத் தோழமை காட்டித் தள்ளிவிட ஈசன் ஒப்பவில்லை.

ஆகவே, எந்த நாட்டில் வாழ்வது, முதிய பெற்றோரை யார் பார்ப்பது, குழந்தைகளை எந்த வழிபாட்டில் வளர்ப்பது ஆகிய மூன்றையும் திருமணத்திற்கு முன்பே இருவரும் மனம்விட்டுப் பேசட்டும். 'இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவோம்' என்று ஒருவர் மனத்திலும், 'இனி இங்கேதான்' என்று மற்றவர் மனத்திலும் இருந்தால், அது பேசாத பொய்யாக வளரும். நிறைவேற்ற இயலாத சத்தியத்தைப் பெற்றோரும் பிள்ளைகளிடம் வாங்கிவிடக் கூடாது.

உலகியலில் அறிய வேண்டியனவும் சில உண்டு. இருவரும் இந்துக்களாயின் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். ஒருவர் வேறு சமயத்தவராக இருந்து, இங்கே மணமுடிப்பதாயின் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே நாள் பார்த்துக்கொள்வது நல்லது. கோயிலில் மாலை மாற்றியதோடு நின்றுவிடாமல் பதிவும் செய்துகொள்வது, பின்னாளில் விசாவுக்கும் வாரிசு உரிமைக்கும் இன்றியமையாதது. இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர், பதிவான அத்திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்தால், வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்தில் இல்லை. அதன்பின் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க இயலாது. ஆனால் தாய் தந்தையர் சொத்தை வாரிசாகப் பெறத் தடையில்லை. கரிசல் புஞ்சை இரண்டு ஏக்கர் வைத்திருப்போர் இதனை அறிந்து, உயிலை உரிய காலத்தில் எழுதிவைப்பது விவேகம்.

மூன்றாம் கேள்வியே கடினமானது. கடைசிக் காலத்தில் யார் வருவார்கள்? வருவார்கள் என்று உறுதி கூற எவராலும் ஆகாது. உள்ளூரிலேயே பிள்ளை இருப்போர்க்கும் அந்த உறுதி கிடையாது. ஆயினும் அழகம்மையின் வாழ்வு ஒரு வழியைக் காட்டுகிறது. உடல் இயங்கும் காலத்தில் பிள்ளையிடம் ஒருமுறையேனும் சென்று தங்கி வாருங்கள். அங்கே மருமகளின் அடுக்களையில் அதிகாரியாக நில்லாமல் விருந்தினராக அமருங்கள். அவள் செய்வதில் சைவமானதை மகிழ்ந்து உண்ணுங்கள். ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொடுங்கள். அவள் ஊர்ப் பண்டிகையன்று அவள் தாயாருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். சம்பந்தி என்னும் உறவு மொழி தெரியாதோர்க்கும் உண்டு. மகளையோ மகனையோ தூர தேசத்தவருக்குக் கொடுத்துவிட்ட ஏக்கம் அங்கே அவர்களுக்கும் இருக்கும். ஊருக்குத் திரும்பியபின், பக்கத்து வீட்டாரோடும் உறவினரோடும் கோயில் அன்பர்களோடும் உறவைப் பேணுங்கள். ஆபத்துக் காலத்தில் முதலில் ஓடிவருவோர் அவர்களே. மருத்துவச் சீட்டும் வங்கிப் புத்தகமும் எங்கே உள்ளன என்பதை நம்பிக்கையான ஒருவருக்கு அறிவித்து வையுங்கள்.

அர்ச்சனையில் மருமகளின் பெயரைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. நட்சத்திரம் அறியாதோர்க்குச் சுவாமி பெயரிலேயே அர்ச்சனை செய்வது நம் கோயில்களில் நெடுநாள் வழக்கம். அவள் பெயரை உங்களுக்கு வந்தபடி சொல்லுங்கள். அம்பிகைக்கு உச்சரிப்பு முக்கியமன்று. அவள் ஊருக்கு வரும்போது, எந்த எல்லைவரை செல்லலாம், எவ்வாறு உடுத்தி வர வேண்டும் என்பதைக் கோயிலில் முன்னதாகவே கேட்டறிந்து அழைத்துச் செல்லுங்கள். வாசலில் அவள் மனம் நோகும்படி நேரலாகாது.

மார்கழித் திருவாதிரை நெருங்கும்போது, இயன்றோர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கேயுள்ள திருச்சுழிக்குச் சென்று வாருங்கள். திருமேனிநாதரையும் துணைமாலையம்மையையும் தரிசித்தபின், கோயிலுக்கு அருகிலேயே பகவான் அவதரித்த சுந்தர மந்திரத்தில் சிறிது நேரம் மௌனமாக அமருங்கள். அவ்வீட்டிலிருந்து சென்ற பிள்ளை திரும்பி வந்து அங்கே வாழவில்லை. ஆயினும் அவ்வீட்டின் வாசல் உலகத்துக்கெல்லாம் திறந்தது. சென்ற பிள்ளைகளுக்கு அம்மை வழித்துணையாகவும், இருக்கும் முதியோர்க்கு மனத்துணையாகவும் விளங்குவாளாக!